சட்டம் படிக்கும் பேத்திக்கு

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிறு ஃபோனில் "வழக்கம் வேறு, சட்டம் வேறு தாத்தா" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் ஜக்மந்தர்லால் ஜெயினி நினைவுக்கு வந்தார்.

1881இல் பிறந்தவர், பாரிஸ்டர், இந்தூர் உயர்நீதிமன்ற நீதிபதி. சமண சமயத்தை அறிமுகப்படுத்தி அவர் எழுதிய நூல் 1916இல் கேம்பிரிட்ஜில் அச்சானது. சமணரின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சமணச் சட்டம் பற்றி அவர் செய்த வேலைதான். அன்றைய கோர்ட்டுகள் சமணரை இந்துச் சட்டத்துக்குள் அடக்கிவிட்டன. எங்கள் வழக்கம் வேறு என்பவர் சாட்சி கொண்டுவந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. பிள்ளையில்லாத சமண விதவை, கணவன் அனுமதி தந்திருக்காவிட்டாலும் தத்தெடுக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். தாக்கோ என்ற பெண் அப்படிச் செய்ததற்கு வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1878இல் அவள் பக்கம் தீர்ப்பானது. ஆளுக்கு ஆள் இப்படி அலைய முடியுமா? ஜெயினி, பத்ரபாகு சம்ஹிதை என்ற பழைய நூலை மொழிபெயர்த்து, இதோ எங்கள் சட்டம் என்று எல்லார் முன்னாலும் வைத்தார்.

அப்படி எழுதி வைக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தத் தென்னாப்பிரிக்காவில் நாம் பார்த்தோம். 1913இல் கேப் மாகாண நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறையில் நடந்து பதிவான கல்யாணம்தான் செல்லும் என்றார். என் ஆயாவிடம் பத்திரம் ஏது? மஞ்சள் கயிறுதான் இருந்தது. ஒரே நாளில் அவள் மனைவி இல்லை என்றாகிவிட்டது. பெண்கள் போராடி ஜெயிலுக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை அடைபட்டது நீ படிக்கும் மாரிட்ஸ்பர்க்கில்தான். அங்கே கண்ட காய்ச்சலில் 1914 பிப்ரவரியில் போய்விட்டாள், பதினாறு வயதில். கல்யாணங்கள் செல்லும் என்ற சட்டம் அந்த வருஷமே வந்தது.

மூக்குத்தி போடக்கூடாது என்று பள்ளி சொன்னதால் வந்த டர்பன் மாணவியின் வழக்கு 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போனதே, அதையும் படி. பதினாறு வயதானால் பாட்டி தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவாள் என்று தாய் சொன்னதை நீதிபதிகள் காதுகொடுத்துக் கேட்டார்கள். கட்டாயமில்லாத வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றார்கள்.

நம் வீட்டுக் கல்யாணச் சடங்கு, கருமாதி, காவடி விரதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பாதிக்கு மேல் எனக்கு மறந்துவிட்டது. குட் ஃபிரைடேக்கு டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வரும்போது உன் ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டு, விட்டுப்போனதை நீ எழுது.

அன்புடன்,
தாத்தா