பெயர் சொல்லாமல் ஒரு நன்றி

நன்றி மடல் என்றால் உதவியவர்களின் பெயர்களை வரிசையாகப் போடுவதுதான் முறை. இந்த மடலில் ஒரு பெயரும் இருக்காது. ஒருபால் உறவுக்கு 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்கத் தண்டனைச் சட்டத்தின் 377பி பிரிவு இடம் தரும் நாடு, இந்த மலேசியா. 2018இல் பினாங்கின் இதே ஜார்ஜ்டவுனில், ஒரு புகைப்படக் கண்காட்சியிலிருந்து திருநர், ஒருபால் ஈர்ப்பாளர் உரிமைகளுக்குக் குரல் கொடுக்கும் நிஷா அயூப், பாங் கீ தெயிக் இருவரின் படங்களும் அகற்றப்பட்டன. பால்புதுமையரான (குயர்) என் மேடை நிகழ்ச்சிக்குத் தோள் கொடுத்தவர்களை ஊரறியக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் என்று.

முதல் வணக்கம், தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கும் பாட்டிக்கு. இறந்தபோது உறவினர் எவரும் வந்து அழாத என் தோழிக்காக, ஒரு திருநங்கைக்காக, நான் எழுதிய கவிதையை ஒப்பாரியாக உங்களிடம் பாடிக் காட்டினேன். “யாருக்கு அழுகிறாய் என்றே தெரியவில்லையே” என்றீர்கள். தாயோ, தங்கையோ, முறை சொல்லிக் கூப்பிடாமல் ஒப்பாரி ஏது? அவள் வயதைக் கேட்டீர்கள். “அப்படியானால் உனக்கு அக்கா” என்று நீங்களே முறை வைத்தீர்கள். பொழுது சாயும்வரை அக்காவுக்கு அழும் அடிகளைப் பாடிக் கொடுத்தீர்கள். பெற்ற வீடு தர மறுத்த உறவை, அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத நீங்கள் தந்தீர்கள்.

உறுமி மேளத் தம்பிகளே, தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் வரை முழங்கிய கைகள் உங்களுடையவை. சின்ன அறைக்கு அந்த வேகம் ஆகாது என்று, வளைந்த குச்சியால் தோலை உரசி எழுப்பும் முனகலை மட்டும் வைத்துக்கொண்டீர்கள். என் ஆட்டம் தாளத்தை விட்டு நழுவிய போதெல்லாம் வாசிப்பை நிறுத்தினீர்கள், தயவே பார்க்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் மேடையேறினால் நல்ல மனம் படைத்தவர்கள் கைதட்டி அனுப்பிவிடுவார்கள், திருத்த மாட்டார்கள். நீங்கள் திருத்தினீர்கள். இத்தனை ஆண்டுகளாகக் கவிதை, பாட்டு, ஆட்டம் என்று அலைந்த எனக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை.

லிட்டில் இந்தியாவில் உடை தைத்துத் தந்த அக்கா, அளவெடுக்கும்போது நீங்கள் கேட்டது ஒன்றுதான்: எந்தத் திருப்பத்தில் கொசுவம் விரிய வேண்டும்? சொன்ன இடத்தில் சரியாக விரிந்தது. பிரதியை மலாயில் மொழிபெயர்த்த தோழர், விளக்குப் போட்ட பையன், மாடி அறையைப் பாதி வாடகைக்கு விட்டவர், எல்லோருக்கும் நன்றி.

வந்து அமர்ந்தவர்களே, படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். இன்றுவரை ஒரு படம்கூட வெளியே வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவரை நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள். உண்டியலில் நீங்கள் போட்ட பணத்தில் செலவு போக மீந்ததை, மறைந்த என் தோழி அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டேன். இந்த மாத வாடகைக்கு அது போதும்.