4.22 கெல்வினை 4.48 என்று காட்டும் உங்கள் காலிபரேஷன் ஃபைல் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்களிடமிருந்து ஒரு மெல்லேட்டு மின்தடை சென்சாரும் (மெல்லிய படலத்தின் மின்தடையை வைத்து வெப்பநிலையை அளப்பது), அதைப் படிக்கும் வெப்பநிலை கண்ட்ரோலரும் வாங்கினோம். சென்சார் காலிபரேஷன் செய்யப்பட்டது, அதாவது தெரிந்த வெப்பநிலைகளோடு ஒப்பிட்டு அளவு குறிக்கப்பட்டது என்று சொல்லித்தான், அதற்கான கூடுதல் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தீர்கள். இந்த வகை சென்சார் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, எந்த மின்தடைக்கு எந்த வெப்பநிலை என்று காட்டும் வளைவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டும், அது உங்களுக்கே தெரியும். சான்றிதழ் காகிதமாக வந்தது, கண்ட்ரோலரில் ஏற்றுவதற்கான ஃபைல் ஒரு பென்டிரைவில் வந்தது. அந்த ஃபைலை அப்படியே ஏற்றி இரண்டு மாதம் வேலை செய்தோம்.

அந்த இரண்டு மாத அளவீடுகளும் தப்பு.

முதலில் கண்ணில் பட்டது ஒரு ஈயத் துண்டு. புது அமைப்பைச் சரிபார்க்க ஈயம் எந்த வெப்பநிலையில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது என்று பார்ப்பது எங்கள் வழக்கம், அது 7.2 கெல்வினில் நடக்க வேண்டும். உங்கள் சென்சார் 7.58 என்றது. அளந்த ஆராய்ச்சி மாணவி, துண்டில் ஏதோ கலப்படம் இருக்கிறது, அல்லது தான் ஒட்டியதில்தான் ஏதோ பிழை என்று நினைத்து மூன்று முறை துண்டை மாற்றி, ஒவ்வொரு முறையும் கிரையோஸ்டாட்டை (பொருளைக் கடுங்குளிரில் வைத்திருக்கும் கலத்தை) சூடாக்கித் திறந்து மறுபடி குளிர்வித்தார். ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு திரவ ஹீலியம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம்தான் உங்கள் ஆதரவுப் பிரிவுக்கு எழுதினோம். வந்த பதில் இதுதான்: கம்பிகளைச் சரியாகக் குளிர்பகுதியில் பதிக்கவில்லை, வெளியிலிருந்து கம்பி வழியாக வெப்பம் இறங்குகிறது, வார்னிஷ் போட்டு ஒட்டிப் பாருங்கள். பொதுவாக நல்ல அறிவுரைதான். ஆனால் எங்கள் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்தது, ஏனென்றால் சென்சாரை நேராகத் திரவ ஹீலியத்துக்குள் முக்கி அளந்தபோதும் 4.48 காட்டியது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தோம். வளிமண்டல அழுத்தத்தில் ஹீலியம் கொதிப்பது 4.22 கெல்வினில். சுற்றிலும் திரவம் இருக்கும்போது எந்தக் கம்பி வழியாக 0.26 கெல்வின் ஏறும்?

சரி, நம் பக்கம் தப்பு இருக்கலாம் என்று மறுபடியும் பார்த்தோம். சென்சாருக்குக் கொடுக்கும் மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தோம், எண் அசையவில்லை, ஆகவே அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளவில்லை. மின்னோட்டத்தின் திசையை மாற்றிப் பார்த்தோம், அப்போதும் அதே எண். நான்கு கம்பி முறையில்தான் அளக்கிறோம், ஆகவே கம்பியின் மின்தடை கணக்கில் சேராது. கண்ணாடிக் குடுவையில் ஹீலியத்தின் மேலுள்ள ஆவியைப் பம்பு வைத்து உறிஞ்சினோம். அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கலுக்கு இறங்கும்போது குமிழிகள் சட்டென்று நின்று திரவம் அசையாமல் கண்ணாடி போல ஆகிவிடும், அது உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மமாகும் இடம், 2.177 கெல்வின், யாரும் வாதாட முடியாத புள்ளி. உங்கள் சென்சார் 2.31 என்றது. 1990-ஆம் ஆண்டின் சர்வதேச வெப்பநிலை அளவுகோல் 0.65 முதல் 5 கெல்வின் வரை ஹீலியத்தின் ஆவியழுத்தத்தை வைத்து வெப்பநிலையை வரையறுக்கிறது, ஆகவே இங்கே நாங்கள் உங்கள் சென்சாரை எங்கள் அபிப்பிராயத்தோடு ஒப்பிடவில்லை.

கடைசியில் எங்கள் பழைய சென்சாரையும் உங்களுடையதையும் ஒரே செம்புக் கட்டியில் பொருத்தி மெதுவாகச் சூடாக்கினோம். 3 கெல்வினில் இரண்டும் ஒரே எண். 6 கெல்வினிலும் ஒரே எண். நடுவில் மட்டும் உங்களுடையது மேலே விலகி, சுமார் 4.3-இல் உச்சத்துக்குப் போய், மறுபடி இறங்கி வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் ஃபைலைத் திறந்தோம். காகிதச் சான்றிதழில் அறுபதுக்கும் மேற்பட்ட புள்ளிகள். ஃபைலில் ஒன்பதே ஒன்பது: 1.5, 3, 6, 12 என்று இரட்டித்துக்கொண்டே 192 வரை போய், கடைசியில் 300. நடுவிலிருந்த புள்ளிகள் எல்லாம் போய்விட்டன. கண்ட்ரோலர் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போடுகிறது, ஆனால் இந்த சென்சாரின் வளைவு குழிந்து இறங்குவது. நேர்கோடு எப்போதும் அதற்கு மேலேதான் போகும், வெப்பநிலை எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும்.

இன்னொரு விஷயமும் இதனாலேயே. 5 கெல்வினில் அருமையாக நிற்கும்படி அமைத்த ஹீட்டர் கட்டுப்பாடு 6-ஐத் தாண்டியதும் மேலும் கீழும் ஆடியது. கண்ட்ரோலரில் கோளாறு என்று அதைத் திருப்பி அனுப்பவே இருந்தோம். 6 கெல்வினில் உங்கள் கோட்டின் சாய்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறுகிறது, அதே அளவு வெப்பநிலை மாற்றம் கண்ட்ரோலருக்கு இரண்டு மடங்காகத் தெரிந்து ஹீட்டரை அளவுக்கு மீறித் திருத்துகிறது, அவ்வளவுதான் காரணம்.

சென்சார் நல்ல சென்சார். காகிதத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளையும் கையால் தட்டி ஏற்றினேன், ஹீலியத்தில் 4.22 காட்டுகிறது, ஈயமும் 7.2-க்கு வந்துவிட்டது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. பொறுமையாக அளந்து கொடுத்த ஒருவரின் உழைப்பை, ஃபைலாக மாற்றும் இடத்தில் யாரோ பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். திரையில் மூன்று தசம இலக்கம் தெரிந்தால் யாருமே நம்பத்தான் செய்வார்கள், நாங்களும் நம்பினோம்.

எனக்கு வேண்டியது இவை. முழுப் புள்ளிகளோடு சரியான ஃபைல். ஃபைல் தவறாக வந்தது என்று உங்கள் நிறுவனத்தின் பெயரில் எழுத்துமூலமான ஒப்புதல், மாணவியின் ஆய்வுப் பதிவேட்டில் அதைச் சேர்க்க வேண்டும், பிழை அவருடையதல்ல என்று பதிவாக வேண்டும். வீணான ஹீலியத்துக்கு ஈடு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதே முறையில் ஃபைல் அனுப்பப்பட்ட மற்ற ஆய்வகங்களுக்கு உடனே தகவல். பதிவான பழைய எண்களைத் திருப்பிக் கணக்கிட்டுச் சரிசெய்ய முடியும், ஆனால் தப்பு இருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் முடியும். இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வர வேண்டும், கம்பியை ஒட்டுவது பற்றி அல்ல.

ஃபைலின் நகல், சான்றிதழின் நகல், இரண்டு சென்சார்களையும் ஒப்பிட்ட வரைபடம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குறைவெப்பநிலை ஆய்வகப் பொறுப்பாளர்