ஒயின் கிளாஸ் வாங்கப் போகும் மகளுக்கு

மூக்கையூர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இயேசுவுக்கே புகழ்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தோம். உங்கள் புது உணவகத்துக்கு மேசை நாற்காலி எல்லாம் அழகாக வந்திருக்கிறது. அம்மா பக்கத்து வீடு வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். கிளாஸ் விஷயத்தில் மட்டும் அந்தப் புதுச்சேரிக் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதே தாயி. சிவப்பு ஒயினுக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, பர்கண்டி, போர்தோ என்ற பிரெஞ்சு ஒயின்களுக்குத் தனித்தனி, ஷாம்பெயினுக்கு ஒல்லியாக ஒன்று என்று வரிசையாக வைத்துக் காட்டியிருக்கிறார். உங்கள் அளவு உணவகத்துக்கு ஒரே வகை போதும்.

ஒவ்வொரு ஒயினுக்கும் தனி வடிவம் என்பதைப் பெரிதாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிளாவுஸ் ரீடல். 1958ல் பர்கண்டிக்கென்று பெரிய வயிறு வைத்த கிளாஸ் செய்தார், 1973ல் ஒரு வரிசையே கொண்டுவந்தார். பூவேலை, வண்ணம், வெட்டு எதுவும் இல்லாமல் மெல்லிய வெறும் கண்ணாடியை மேசைக்குக் கொண்டுவந்ததற்கு அவருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் இந்த வடிவம் ஒயினை நாக்கின் இன்ன இடத்தில் விழவைக்கும், அதனால் இனிப்பு தூக்கலாகத் தெரியும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதே. இனிப்பும் புளிப்பும் கசப்பும் நாக்கு முழுவதும் தெரியும்.

வடிவத்தின் வேலை மூக்கோடுதான். வயிறு அகன்று வாய் குறுகினால் வாசனை உள்ளே தங்கும். 2015ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் கிளாஸிலிருந்து எழும் மது ஆவியைப் படம் பிடித்தார்கள். 13 டிகிரி செல்சியஸில் இருந்த ஒயினில் ஆவி விளிம்பைச் சுற்றி வளையமாக நின்றது, நடுவில் குறைவாக இருந்தது. அதனால்தான் நடுவில் மூக்கை வைத்தால் காரம் ஏறாமல் பழ வாசனை கிடைக்கிறது. நேர்க் கிளாஸில் அந்த வளையம் வரவில்லை.

ஒயினைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்களுக்கென்று 1977ல் ஒரு சர்வதேச அளவு வகுத்தார்கள். மொத்தம் 215 மில்லி கொள்ளும், ஊற்றுவது 50 மில்லி, வயிற்றின் அகலம் 65 மில்லிமீட்டர், வாய் 46. சிவப்பானாலும் வெள்ளையானாலும் அதிலேயே பார்க்கலாம். அவர்களுக்கே ஒரு வடிவம் போதும் என்றால் நமக்கு ஏன் ஐந்து? சாப்பாட்டு மேசைக்கு அது சின்னது, அதே சாயலில் 400 மில்லி அளவில் எடு. 150 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய வயிறு அகன்ற இடத்தில் நிற்கும். ஷாம்பெயினையும் அதிலேயே கொடு. ஒல்லிக் கிளாஸுக்குள் கை போகாது, அடியில் அழுக்கு நிற்கும்.

கடையில் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார். மலிவானதில் நூல் சுற்றியது மாதிரி தடித்திருக்கும், உதட்டில் தட்டும். வழவழவென்று மெல்லியதாக இருப்பதை எடு. ஈயம் கலக்காத கிரிஸ்டல் கண்ணாடி என்று கேட்டு வாங்கு. இருக்கைக் கணக்குக்கு ஒன்றரை மடங்கு வாங்கி வை, உடையத்தான் செய்யும். பிறகும் அதே ரகம் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்.

விலையை விடக் கழுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கப்பலில் ஸ்டூவர்டாக இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது இதுதான். மீன் தட்டு தேய்த்த ஸ்பாஞ்சு கிளாஸ் பக்கமே வரக்கூடாது. தனி ஸ்பாஞ்சு, வாசனை இல்லாத சோப்பு ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர். தொட்டியின் அடியில் துணி விரித்து, ஒவ்வொன்றாகக் கழுவச் சொல். சோப்பு மிச்சம் நின்றால் ஷாம்பெயினின் குமிழ் அடங்கிப் போகும். இன்னொன்று தெரியுமா, அந்தக் குமிழ் வரிசையாகக் கிளம்பும் இடத்தை உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்த கண்ணுக்குத் தெரியாத நார் ஒட்டியிருக்கும்!

தண்ணீரைக் கவனி. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். கடலோரம் என்பதால் அங்கேயும் அப்படித்தான் இருக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் வை. ஏற்கெனவே மங்கியிருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துப் பார். போனால் உப்புப் படிவு. போகாவிட்டால் பாத்திரம் கழுவும் மெஷினின் சூடும் அதன் சோப்பில் உள்ள காரமும் கண்ணாடியையே அரித்திருக்கிறது, அது திரும்ப வராது.

துடைப்பதற்கு என் பழைய வேட்டிகளை அம்மா வெந்நீரில் அலசி வைத்திருக்கிறாள், அனுப்புகிறேன். பலமுறை வெளுத்த பருத்தியில் பஞ்சு உதிராது. அதற்குக் கம்ஃபோர்ட் மாதிரி எதையும் போட்டு அலசாதே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிளாஸைக் கவிழ்த்து ஆவி பிடிக்கவிட்டு, துணியின் ஒரு முனையால் வயிற்றைத் தாங்கி, மறு முனையை உள்ளே விட்டுச் சுற்ற வேண்டும். அடியை ஒரு கையில் பிடித்து வயிற்றை மறு கையால் முறுக்கவே கூடாது. தண்டு ஒடிந்து கையில் ஏறும். கப்பலில் ஒரு பையனுக்கு உள்ளங்கையில் தையல் போட வேண்டி வந்தது, இதை உன் உணவகத்துப் பையன்களுக்குக் கட்டாயம் சொல். சின்ன வயசில் பூசைக்கு உதவும்போது, சாமியார் திருக்கிண்ணத்தை வெள்ளைத் துணியால் அவசரமில்லாமல் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எனக்கு முதல் பாடம் அதுதான்.

அப்புறம், நிமிர்த்தியே வை. கவிழ்த்தால் மெல்லிய விளிம்பில் பாரம் விழும், அலமாரி வாடையும் உள்ளே அடைபடும். புது பிளைவுட், வார்னிஷ், அந்துருண்டை, கருவாடு எதுவும் அந்த அலமாரியில் வேண்டாம். மேசைக்கு அனுப்புமுன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்.

கடைக்காரர் என்ன விலை சொல்கிறார் என்று எழுது. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து உன் பையன்களுக்குத் துடைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா