கயல் இங்கே வருவதற்கு முன்

பினாங்கு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. கயலுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்த சேதியைப் படித்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. இருந்தாலும் "திருச்சிப் பொண்ணோட மகளா?" என்று உடனே பிடித்துக்கொண்டார். முட்டி அறுவைக்குப் பிறகு தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்றுவிட்டார். காலையில் பசியாறியதும் தூண்டிலோடு கிளம்பிவிடுகிறார். பெரியவன் சரவாக்கில் மிரி நகரத்தில் வேலையாக இருக்கிறான், சின்னவன் ஜொகூரில். எங்கள் சேதி இவ்வளவுதான்.

இனி உன் கேள்விகள். ஊர் சிங்கப்பூர் மாதிரியா, தமிழ் செல்லுமா, இத்தனை இனத்தார் நடுவே பெண்பிள்ளை தனியாக இருக்கலாமா, மலேசியாவைப் பற்றி விவரமாக எழுது என்று கேட்டிருக்கிறாய். இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலையையும் நான் எழுத வேண்டியதில்லை, இறங்கிய வாரமே அவள் பார்த்துவிடுவாள். இங்கே யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள், எதனால் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்துகொண்டு வரட்டும். அது விளங்கிவிட்டால் இந்த நாட்டில் பாதி விளங்கிவிடும்.

படத்தை விரித்து வைத்துக்கொள். தாய்லாந்துக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் தீபகற்பம் ஒரு பாதி. அதன் பரப்பு சுமார் 1,32,000 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய நம் தமிழ்நாட்டளவு. தென்சீனக் கடலைத் தாண்டினால் போர்னியோ தீவின் வடக்கே சபாவும் சரவாக்கும். நாட்டின் நிலத்தில் 60 சதவீதம் அந்தப் பக்கம்தான். இரண்டு பக்கமும் சேர்ந்து 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். இவ்வளவு நிலத்துக்கும் மக்கள் 3 கோடியைக் கொஞ்சம் தாண்டுவார்கள், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. மலாய்க்காரரும் மற்ற மண்ணின் மைந்தரும் சேர்ந்து 70 சதவீதத்துக்கு அருகில், சீனர் 23, நாங்கள் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

தீபகற்பத்தின் முதுகெலும்பு தித்திவங்சா மலைத்தொடர். அந்த மலைக்கு மேற்கே ஒரு உலகம், கிழக்கே ஒரு உலகம். மேற்கில் மலாக்கா நீரிணை. சுமத்ரா தீவு காற்றை மறித்துக்கொள்வதால் கடல் அமைதியாக இருக்கும், கப்பல் நிற்கத் தோதானது. வங்கக் கடலைக் கடந்து வந்தவர்களுக்குக் கெடாவின் ஜெராய் மலைதான் தூரத்திலிருந்தே தெரிந்த அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இன்னும் கிடக்கின்றன. ராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் அந்தப் பக்கம்தான். இப்போது அங்கே கண்ணுக்கு எட்டியவரை நெல்வயல். மூடா பாசனத் திட்டம் வந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு போகம். காவிரிக் கரைக்காரியான உனக்கு அந்த மாநிலம் பிடித்துவிடும்.

பேராக், சிலாங்கூர் பக்கம் மண்ணுக்கடியில் ஈயம், அதாவது வெள்ளீயம், இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதைத் தோண்டச் சீனர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தைப்பிங்கும் ஈப்போவும் அப்படி வளர்ந்த ஊர்கள். கயல் வேலை பார்க்கப்போகும் கோலாலம்பூரே 1857இல் இரண்டு ஆறுகள் கூடும் சேற்றுத் திட்டில் ஈயத்துக்காகப் பிறந்ததுதான். இந்த ஊர்களின் நடுவில் சீனர்கள் ஏன் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டால் மண்ணைக் காட்டு.

நம் ஆட்கள் கித்தாவுக்கு, அதாவது ரப்பருக்கு, வந்தார்கள். மோட்டார் வண்டி பெருகியதும் உலகத்துக்கு டயர் வேண்டியிருந்தது, வெள்ளைக்காரர்கள் மேற்குக் கரை முழுக்கக் காட்டை அழித்துக் கித்தா நட்டார்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய என் தாத்தா பினாங்கில் இறங்கினார். கரைக்கு விடுமுன் ஜெரஜாக் தீவு முகாமில் நோய் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்திவைத்தார்கள். இன்றும் பினாங்குப் பாலத்தில் போகும்போது அந்தத் தீவு தெரியும். நான் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பேன்.

அம்மா சுங்கை பட்டாணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நூலாக உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டு, உளியால் பட்டையைச் சாய்வாக ஒரு சீவு. ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டுவான். மேலாகப் போனால் பால் இறங்காது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த இருட்டு வேலை. மழை பெய்தால் கோப்பையில் தண்ணீர் கலந்துவிடும், அன்றைக்குக் கூலி கிடையாது. மழைச் சத்தம் கேட்டால் அம்மாவின் முகம் இன்றும் வாடுகிறது, கமலா. காது மந்தமான பிறகும் அதுமட்டும் அவருக்குக் கேட்கிறது.

அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. கித்தா போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்தது. நகரங்கள் பெருத்ததும் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைக் காலிசெய்த குடும்பங்கள் அடுக்குமாடிக்கும் புறம்போக்குக்கும் வந்து சேர்ந்தன. கையில் தொழில் இல்லை, சொந்த நிலம் இல்லை. நாட்டின் செல்வத்துக்கு முதுகு கொடுத்தவர்கள் இப்படிக் கைவிடப்பட்டிருக்கக் கூடாது. கயலின் அலுவலகத்துக் காவலாளி தமிழராக இருந்தால், அவர் அப்பாவோ தாத்தாவோ எந்தத் தோட்டம் என்று அவள் கேட்கட்டும். சொந்த ஊரைச் சொல்வதுபோல் சொல்வார்.

தமிழ் செல்லுமா என்று கேட்டாயே. இங்கே 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன, ஆறாம் வகுப்புவரை பெரும்பாலான பாடங்கள் தமிழில். முதல் தமிழ் வகுப்பு 1816இல் எங்கள் பினாங்கில்தான் தொடங்கியது. முதலாவது உலகத் தமிழ் மாநாட்டைத் தனிநாயகம் அடிகள் 1966இல் கோலாலம்பூரில்தான் கூட்டினார். உன் ஊர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது, சொல்லிவை. கோலாலம்பூரில் நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அவள் தமிழிலேயே பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் மலாய் கற்றுக்கொள்ளச் சொல். ரோமன் எழுத்தில் எழுதுவதால் படிப்பது சுலபம். மலாயில் நாலு வார்த்தை பேசினால் அரசாங்க அலுவலகத்திலிருந்து மீன்கடைவரை எல்லாரும் முகம் மலர்ந்து பேசுவார்கள்.

மலாக்காவுக்கு அவள் கட்டாயம் போகவேண்டும். பருவக்காற்று மாறும்வரை கப்பல்கள் அங்கே காத்துக் கிடக்கும். காத்துக் கிடந்த தமிழ் வணிகர்களில் சிலர் அங்கேயே பெண் எடுத்துக் குடும்பமானார்கள். 1511இல் போர்த்துக்கீசியர் ஊரைப் பிடிப்பதற்கு முந்திய கதை இது. அந்த வணிகர்கள் வழிவந்தவர்கள்தான் மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய்தான் பேசுவார்கள். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் கட்டிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடுவார்கள். போகிக்கு முன்னோர்களுக்கு வாழையிலை விரித்து, இறந்தவர்களுக்குப் பிடித்த பலகாரம் குழம்பெல்லாம் படைக்கிறார்கள். அவர்கள் சமூகத்துக்குச் சொந்தமான பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் கட்டியது. ஒரு மலாக்கா செட்டிப் பாட்டி எனக்குத் திருநீறு பூசிவிட்டு மலாயில் வாழ்த்தினார். நம் வழிபாடு இன்னொரு மொழியின் வாயில் இவ்வளவு நூற்றாண்டு பத்திரமாக இருந்ததை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மலைக்குக் கிழக்கே நாங்கள் குறைவு. கிளந்தான், திரங்கானு, பகாங் கடற்கரைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை நேராக வந்து அறையும். ஆறுகள் வீட்டுக்குள் வரும், மீனவர்கள் படகைக் கரையேற்றிவிடுவார்கள். போக்குவரத்துக் கடினமாக இருந்ததால் அந்தப் பக்கம் மலாய்க்காரரின் பழைய வாழ்க்கை அதிகம் கலையாமல் நின்றது. நாங்கள் கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கோத்தா பாருவுக்குப் போயிருக்கிறோம். தெமெங்கோர் ஏரியைத் தாண்டியதும் யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், சாலையில் புது லத்தியும் கிடந்தது. கோத்தா பாருவின் சித்தி கதீஜா சந்தையில் கடை நடத்துவது பெரும்பாலும் பெண்கள்தான். வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள். ஒரே நாடு என்றாலும் கிழமைகூட வேறு.

சபாவும் சரவாக்கும் 1963 செப்டம்பர் 16இல்தான் சேர்ந்தன. தீபகற்பப் பகுதியான மலாயாவின் விடுதலை அதற்கு முன்பே, 1957இல். சேரும்போது போட்ட உடன்பாட்டால் குடிநுழைவு அதிகாரம் இன்றும் அந்த மாநிலங்கள் கையில். மிரிக்கு மகனைப் பார்க்கப் போனால், சொந்த நாட்டுக்குள்ளேயே விமான நிலையத்தில் அடையாள அட்டையைக் காட்டித்தான் நுழைகிறேன். அவர்கள் உரிமை, நியாயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாலை பிந்தி வந்த அந்த மண்ணில் ஆறுதான் வழி. ராஜாங் ஆற்றங்கரையில் இபான் மக்களின் நீண்ட வீடுகள் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள், எல்லாருக்கும் பொதுவாக நீளமான ஒரு திண்ணை. ஜூன் 1இல் அறுவடைத் திருநாளான கவாய் வரும். உடன் வேலை செய்யும் இபான் பையன் மகனைத் தன் நீண்ட வீட்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு கதவு விடாமல் சாப்பிட்டாக வேண்டுமாம்! சபாவில் கினபாலு மலை, 4,095 மீட்டர். அதற்கு அவள் இளமையில் போய்விடட்டும்.

எல்லாரும் சேர்ந்து எப்படி வாழ்கிறோம் என்பது உன் பெரிய கேள்வி. 1969 மே 13இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் நடந்து உயிர்கள் போயின. பெரியவர்கள் அதைப் பற்றி இன்றும் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். பல்கலைக்கழக இடம், அரசாங்க வேலை, சலுகை என்று எங்கள் வீடுகளிலும் சீனர் வீடுகளிலும் மனத்தாங்கல் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் அன்றாடம் வேறு விதமாக நடக்கிறது. நாங்கள் நாலு இனத்தார் வேலை செய்யும் மருந்துக்கடையில் மதியச் சாப்பாடு வாங்கும் நாளில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பன்றியும் மாடும் இல்லாத, ஹலால் கோழி போடுகிற கடைக்குத்தான் கால் தானாகப் போகும். புரட்டாசி சனிக்கிழமை நான் சைவம் என்பது எங்கள் சீனக் காசாளருக்கு நினைவிருக்கும். நோன்பு மாதத்தில் நாங்கள் பின்னறையில்தான் சாப்பிடுவோம். பெருநாள்களுக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்லம் வைப்போம், குழந்தைகளுக்குக் காசு உறையில் கொடுப்போம். சீனப் பெருநாளுக்குச் சிவப்பு உறை, நோன்புப் பெருநாளுக்குப் பச்சை, தீபாவளிக்கு ஊதா. உறையில் வைத்துக் கொடுப்பது சீனர் வழக்கம், நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

பினாங்குக்கு வந்தால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் அவளோடு நானே நடக்கிறேன். 1801இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல், சீனரின் குவான் யின் கோயில், கிறித்துவர்களின் பழைய தேவாலயம், பக்கத்துக் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், எல்லாம் கூப்பிடு தூரம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலில் நாலு மணி நேரம், அங்கிருந்து படகு. சனிக்கிழமை காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் இருப்பாள். எல்லா வாரமும் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். பெண்பிள்ளைகள் தனியாக அறை எடுத்து வேலைக்குப் போவது இங்கே சாதாரணம். பையை மட்டும் சாலைப்பக்கத் தோளில் மாட்ட வேண்டாம் என்று சொல், மோட்டார்சைக்கிளில் பறிப்பவர்கள் உண்டு.

அலுவலகம் கோலாலம்பூரில் எந்தப் பகுதி என்று கேட்டு உடனே எழுது. ரயில் தடத்துக்குப் பக்கமாக அறை கிடைத்தால் வண்டிச் செலவு மிச்சம். தெரிந்தவர்களிடம் வாடகை விசாரித்து, முன்பணம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மல்லிகா