பழத்தடிக் குதிரை

நான்னிங்
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று தங்கை சொன்னாள்; நிம்மதி. நானும் சுகம்.

என்னை ‘முக்கால்படி’ என்று விடுதி முழுக்கப் பரப்பியவன் நீதானே? என் சாதிசனத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். போன வாரம் தென்சீனாவில் குவாங்சியின் மேற்கே, தேபாவ் மலைகளுக்குப் போயிருந்தேன். எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள். சுவாங் இனத்துக் குடியானவர் ஒருவர் வீட்டு முற்றத்தில் குட்டிக் குதிரை ஒன்று கட்டியிருந்தது. “தாய் எங்கே?” என்றேன். “இதுதான் தாய்” என்று சிரித்தார்.

வளர்ந்த குதிரையின் உயரமே 106 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பிடரி மயிர் கண்ணை மறைக்கிறது. ஆனால் கல்லுக்குக் கல் குளம்பை ஊன்றி மூட்டையோடு ஏறுகிற நிதானம் இருக்கிறதே, நம் கணபதி மாடிப்படி ஏறுவதை நினைத்துக்கொண்டேன்.

பழைய சீன நூல்களில் ‘பழத்தடிக் குதிரை’ என்று ஒன்று வருகிறது. மூன்று சீன அடி உயரம். ஏறி உட்கார்ந்தபடியே பழமரத்துக்கு அடியில் போகலாம் என்பதால் அந்தப் பெயர். ஹான் பேரரசர் ஹுவானுக்குக் கொரியப் பக்கத்து யே மக்கள் காணிக்கையாகக் கொடுத்தார்களாம். பிற்பாடு அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்தார்கள். 1981இல் வாங் தியெச்சுவான் என்ற ஆய்வாளர் இந்த மலைகளில் குள்ளக் குதிரைகளைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெயர் மறுபடி பேச்சில் வந்தது.

இதைக் கேள். டி.பி.எக்ஸ்.3 என்ற மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியதால் சீனக் குதிரைகளின் உடல் பெருத்தது என்று 2022இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. உயரம்தான் பிறகு வந்த கோளாறு! இனி என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாய்?

சிரிப்பு அத்தோடு நின்றது. அந்த வீட்டு மகன் சோள மூட்டையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனான். தார்ச்சாலை வாசல்வரை வந்துவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியுமா? ஊரில் மிச்சமிருக்கும் குதிரைகள் விடுமுறை நாட்களில் பிள்ளைகளைச் சுமந்து வட்டமடிக்கின்றன. நீ கால்நடை மருத்துவன், சொல்: பாறையே ஏறாமல் நாலு தலைமுறை சமதரையில் சுற்றினால், அந்தக் குளம்பும் அந்த நிதானமும் தங்குமா? இரண்டு நாளாக இதே யோசனை.

சித்திரையில் ஊருக்கு வருகிறேன். குதிரையோடு எடுத்த படம் வைத்திருக்கிறேன்; கணபதிக்குக் காட்டாதே.

உன்,
ரவி