பை மேல் அச்சடித்தது பைக்குள் இருக்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சத்து சேர்த்த மாவு பற்றிப் போன வாரம் உங்கள் பேப்பரில் வந்த அரைப்பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12, எது எதற்கு நல்லது, அளவு கூடினால் என்ன ஆகும், இதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தப் பொடியை மாவுக்குள் போடுகிற இயந்திரத்துக்கு ஒரே ஒரு வரிதான். "ஆலையில் தானியங்கி முறையில் கலக்கப்படுகிறது." அந்த ஒரு வரிக்குள்தான் என் பிழைப்பு 26 வருஷம் ஓடியது. கோபம் எல்லாம் இல்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

தானியங்கி என்று படித்ததும் என்ன தோன்றும்? பட்டனை அமுக்கிவிட்டால் மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும் என்றுதானே. மிஷின் சுற்றும், அவ்வளவுதான். பொடி விழுகிறதா என்று மனிதன்தான் பார்க்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

முதலில் கணக்கு. மணிக்கு 10 டன் மாவு இறங்குகிற ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு 200 கிராம் சத்துப் பொடி (நாங்கள் பிரிமிக்ஸ் என்போம்) சேர்க்க வேண்டும் என்றால் மணிக்கு 2 கிலோ, அதாவது நிமிஷத்துக்கு 33 கிராம் சொச்சம். ஒரு பக்கம் நிமிஷத்துக்கு 166 கிலோ மாவு திருகு கன்வேயரில் தள்ளிக்கொண்டு போகிறது, அதன் மேல் இந்த 33 கிராம் பொடி, குபுக் குபுக்கென்று விழாமல், நிற்காமல், தூறல் மாதிரி விழுந்துகொண்டே இருக்க வேண்டும். 5000 பங்கு மாவுக்கு 1 பங்கு பொடி. இந்த வேலையைச் செய்கிற ஃபீடரைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். மேலே ஒரு ஹாப்பர் (பொடியைக் கொட்டி வைக்கிற, புனல் மாதிரி அடி குறுகிய தொட்டி), அடியில் விரல் பருமன் திருகு ஒன்று, அதைச் சுற்ற ஒரு மோட்டார். நாலு மாடி உயர ஆலையில் அது இருக்கிற இடமே புதிதாக வருகிறவர் கண்ணில் படாது.

இப்போது நடந்த கதை. எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை. அன்று இரவு ஷிஃப்ட் எனக்கு. ஃபீடரில் பச்சை விளக்கு எரிகிறது, மோட்டார் சத்தம் கேட்கிறது, திருகு சுற்றுகிறது. ஹாப்பரின் கண்ணாடி ஜன்னலில் பார்த்தால் பொடி நிறைய இருக்கிறது. எல்லாம் சரி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன், ஒரு தடவை இல்லை, மணிக்கு ஒரு தடவை. காலையில் மாற்றிவிட வந்தவர் ஹாப்பரில் பொடியை நிரப்பிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ராத்திரி பூரா நாலு கிலோதான் போயிருக்கு?" என்றார். 8 மணி நேரத்துக்கு 16 கிலோ போயிருக்க வேண்டும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பொடி சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறது, நடுவில் எலி வளை மாதிரி ஒரு பொந்து நேராகத் திருகு வரை போகிறது. திருகு வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. ஹாப்பருக்குள் பொடியைக் கிளறிவிட ஒரு கை உண்டு, அதைப் பிடித்திருந்த சின்ன ஆணி அறுந்து, தண்டு மட்டும் சுற்றிக் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு மணி நேரம், 60 டன் மாவு, எல்லாப் பையிலும் "சத்து சேர்க்கப்பட்டது" என்று அழகாக அச்சடித்திருக்கிறது. பாதி லாரி ஏறிவிட்டது.

யாராவது புகார் சொன்னார்களா? ஒருவரும் இல்லை. எப்படிச் சொல்வார்கள்? நிறத்தில் தெரியாது, ருசியில் தெரியாது, பிசைந்தால் கைக்கும் தெரியாது. கல் கிடந்தால் பல்லுக்குத் தெரியும், பூச்சி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், இல்லாத பொடி யாருக்குத் தெரியும்?

பொடி இப்படிக் கட்டிக்கொண்டு நிற்பது ஒன்றும் அபூர்வம் இல்லை. காற்றில் ஈரம் ஏறினால், ஹாப்பர் சுவரின் சாய்வு போதாமல் இருந்தால், பொடியை இரண்டு நாள் போட்டு மூடாமல் விட்டால், நிற்கத்தான் செய்யும். சில நேரம் பொந்து விழும், சில நேரம் வாய்க்கு மேலேயே வளைவு மாதிரிக் கட்டிக்கொள்ளும். உடனே ஆபரேட்டர் என்ன செய்வார்? சுத்தியலால் தட்டுவார். நானும் தட்டியிருக்கிறேன். ஹாப்பர் மேல் சுத்தியல் தழும்பு எத்தனை இருக்கிறது என்று பார்த்தாலே அந்த ஆலையில் பொடி எப்படி இறங்குகிறது என்று சொல்லிவிடலாம். தட்டத் தட்டத் தகடு உள்பக்கம் நெளியும், நெளிந்த இடத்தில் இன்னும் நன்றாகப் பொடி பிடிக்கும். அதைவிட மோசம், தட்டின தட்டில் வளைவு உடைந்து மொத்தமும் ஒரே நேரத்தில் திருகைத் தாண்டிக் கொட்டும். அரை மணி நேரம் ஒன்றுமே சேராத மாவு, அப்புறம் ஒரு நிமிஷம் அளவுக்கு மீறிச் சேர்ந்த மாவு. கணக்கு நோட்டில் பார்த்தால் மொத்தம் சரியாக இருக்கும், அதுதான் வேடிக்கை.

சரி, ஃபீடர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். விலை குறைந்த ஃபீடர்கள் அளந்து போடுபவை, எடை போட்டுப் போடுபவை அல்ல. திருகு ஒரு சுற்றுக்கு இவ்வளவு கொள்ளும், அதைத் தள்ளும். பொடி இறுகியிருந்தால் அதே சுற்றில் எடை கூடும், உதிரியாக இருந்தால் குறையும். புது லாட் பெட்டியைப் பிரித்தாலே மாறும். போதாததற்கு மாவின் வேகமும் நிலையாக இருப்பதில்லை. 10 டன்னுக்கு அமைத்த ஃபீடரை அப்படியே விட்டுவிட்டு மாவு 8 டன்னாக இறங்கினால் டன்னுக்கு 250 கிராம் சேரும், 12 டன்னாக ஏறினால் 167 கிராம்தான். ஆலையில் வேலை பார்த்தவருக்குத் தெரியும், கோதுமை கொஞ்சம் ஈரமாக வந்தாலோ ஒரு சல்லடை அடைத்துக்கொண்டாலோ மாவு இறக்கம் உடனே மாறிவிடும்.

எடை போட்டுப் போடுகிற ஃபீடரும் உண்டு. ஹாப்பரையே தராசு மேல் உட்கார வைத்து, நொடிக்கு நொடி எவ்வளவு குறைகிறது என்று பார்த்துத் திருகின் வேகத்தை அதுவே கூட்டிக் குறைக்கும். நல்ல சாமான், சந்தேகமே இல்லை. மேலே சொன்ன பொந்துக் கதையை இது உடனே பிடித்திருக்கும், எடை குறையவில்லை என்று அலாரம் அடித்திருக்கும். ஆனால் இதை வாங்கிவிட்டால் தூங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு ஃபீடரில் தினமும் ஒரே நேரத்தில் வேகம் எகிறி எகிறி விழுந்தது. கம்பெனி ஆள் வந்து போர்டை மாற்றினார், சரியாகவில்லை. கடைசியில் பார்த்தால், பக்கத்து மிஷினுக்குக் கிரீஸ் போட வருகிறவர் ஸ்பேனரை ஹாப்பர் மூடி மேல் வைத்துவிட்டு வேலை பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார். வைக்கும்போது எடை கூடியதைப் பார்த்து, பொடி போகவில்லை என்று மிஷின் திருகை வேகமாக ஓட்டும். எடுக்கும்போது நிறையப் போய்விட்டது என்று நினைத்து இழுத்துப் பிடிக்கும். அதன் மேல் தப்பே இல்லை. ஹாப்பரில் பொடி நிரப்புகிற அந்தச் சில நிமிஷமும் அதற்கு எடை தெரியாது, அப்போது பழைய ஃபீடர் மாதிரி குருட்டு வேகத்தில்தான் ஓடும்.

அப்புறம், விழுகிற இடம். பொடி மாவில் விழுந்தால் கலந்துவிடும் என்றுதான் பொதுவாக நினைப்பு. திருகு கன்வேயர் இருப்பது மாவைத் தள்ள, கலக்கிறது என்றால் அது போகிற போக்கில் கிடைக்கிற லாபம். கன்வேயரின் முதல் பாதிக்குள் பொடி விழ வேண்டும், விழுந்த பிறகு குறைந்தது 3 மீட்டராவது மாவோடு புரண்டு போக வேண்டும். ஏணி வைக்க வசதி என்று கன்வேயரின் வால் பக்கம், மாவு வெளியேறும் வாய்க்கு ஓர் அடி தள்ளி ஃபீடரைப் பொருத்திய ஆலையைப் பார்த்திருக்கிறேன். ஃபீடர் கிராம் சுத்தமாகப் போடுகிறது, ஒரு பையில் நிறைய, அடுத்த பையில் ஒன்றும் இல்லை. இன்னொரு விஷயம், கன்வேயர் நின்றால் ஃபீடரும் தானாக நிற்கும்படி இரண்டு மோட்டாரையும் மின்சாரத்தில் கோத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நின்றுகொண்டிருக்கும் மாவு மேல் பொடி குவிந்துகொண்டே இருக்கும், கன்வேயரை மறுபடி ஓட்டும்போது முதல் பைக்கு அடிக்கும் யோகம்.

தொட்டி மிக்ஸரில் ஒவ்வொரு ஈடாகக் கலக்கிற சின்ன ஆலைகளின் பாடு வேறு. அங்கே பெரும்பாலும் ரிப்பன் மிக்ஸர்தான், படுக்கைவாட்டில் ஒரு தொட்டி, உள்ளே இரண்டு சுருள் பட்டை, வெளிப் பட்டை மாவை ஒரு பக்கம் தள்ளும், உள் பட்டை எதிர்ப் பக்கம் தள்ளும், அந்த இழுபறியில்தான் கலவை. இதில் நடக்கிற பெரிய தப்பு, பட்டை மூழ்கிப்போகிற அளவுக்கு ரொப்புவது. மேலே கிடக்கிற மாவைப் பட்டை தொடவே தொடாது. ஒரு நடை மிச்சம் என்று பார்த்தால் கலவை போச்சு. பொடியையும் நேராக மூட்டை மாவில் கொட்டக்கூடாது, முதலில் கொஞ்சம் மாவோடு கலந்து, அதை இன்னும் கொஞ்சத்தோடு கலந்து, அப்புறம்தான் தொட்டிக்குள் விட வேண்டும், அதுவும் பாதி மாவு போட்ட பிறகு. ரொம்ப நேரம் சுற்றினால் ரொம்ப நன்றாகக் கலக்கும் என்பதும் இல்லை. எத்தனை நிமிஷம் என்பதை ஒரு தடவை தொட்டியின் பல இடங்களிலிருந்து பத்து மாதிரி எடுத்துச் சோதித்து முடிவு செய்ய வேண்டும், மாதிரிக்கு மாதிரி வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் வந்தால் அந்த நேரம் போதும்.

இதையெல்லாம் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், சோதிப்பது சுலபம். ஃபீடரின் வாயில் ஒரு சுத்தமான டப்பாவைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் பொடியைப் பிடித்து, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டுகிற தராசில் வைக்க வேண்டும். நான் சொன்ன கணக்குக்கு 67 கிராம் பக்கம் காட்ட வேண்டும். ஷிஃப்டுக்கு இரண்டு தடவை செய்தால் போதும். அன்று இரவு மணிக்கு மணி விளக்கைப் பார்க்காமல் டப்பாவைப் பிடித்திருந்தால், பொடி நின்ற முதல் மணியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். ஷிஃப்ட் முடிவில் எத்தனை டன் மாவு, எத்தனை கிலோ பொடி என்று ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் மொத்தக் கணக்கு மட்டும் போதாது என்று முன்னாலேயே சொன்னேன். இரும்புக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. மாவைத் தட்டையாக அழுத்தி, அமிலம் சேர்த்த பொட்டாசியம் தயோசயனேட் கரைசலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் விட்டால் கொஞ்ச நேரத்தில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பும். அளவு துல்லியமாகத் தெரியாது, இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்று தெரியும். முதல் தடவை பார்க்கிற எந்த ஆபரேட்டரும் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்வார்.

தானியங்கி என்ற பேச்சுக்குத் திரும்பினால், மாவு ஆலையில் அது நேற்று வந்தது இல்லை. அமெரிக்காவில் ஆலிவர் இவான்ஸ் என்பவர் வாளி எலிவேட்டரையும் திருகு கன்வேயரையும் கோத்து, தானியம் உள்ளே போனால் மாவாக வெளியே வரும்வரை யாரும் மூட்டை தூக்க வேண்டாத ஆலைக்கு 1790-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதில் சூடான மாவைப் பரப்பி ஆற்றிக் கூட்டித் தள்ளுகிற சுழல் வாருகோல் ஒன்று உண்டு, அதுவரை அந்த வேலையைச் செய்த பையனின் பெயரையே அதற்கும் வைத்து ஹாப்பர் பாய் என்றார்கள். பழைய கல் ஆலைகளிலும் ஹாப்பரில் தானியம் தீர்ந்தால் மணி அடிக்கிற ஏற்பாடு இருந்தது, ஏனென்றால் வெறும் கல் கல்லோடு உரசினால் தீப்பொறி பறக்கும். தானியம் தீர்ந்ததற்கு அந்தக் காலத்திலேயே மணி அடித்திருக்கிறார்கள், சத்துப் பொடி தீர்ந்ததற்கு மணி இல்லாத ஃபீடர் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

அடுத்த தடவை உங்கள் நிருபர் ஒரு ஆலைக்குப் போனால் பைகளைப் படம் எடுப்பதோடு நிற்காமல், ஃபீடர் எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். காட்டத் தெரியாமல் முழித்தாலே பாதி செய்தி கிடைத்துவிடும். காட்டினால், கடைசியாக டப்பா பிடித்து எடை பார்த்த நோட்டைக் கேட்கச் சொல்லுங்கள். எல்லா நாளும் ஒரே எண்ணாக 67, 67, 67 என்று ஒரே மையில் எழுதியிருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் எழுதிய நோட்டு. உண்மையான நோட்டில் 64 இருக்கும், 69 இருக்கும், ஒரு நாள் 51 என்று இருந்து பக்கத்தில் "ஆணி மாற்றியது" என்று கிறுக்கியிருக்கும்.

இப்படிக்கு,
மாவு ஆலையில் ஷிஃப்ட் பார்த்த ஒரு வாசகர்

பின்குறிப்பு: கட்டுரையோடு போட்டிருந்த படத்தின் கீழே "மாவு கலக்கும் இயந்திரம்" என்று இருந்தது. அது சலிக்கும் இயந்திரம். கம்பியில் தொங்கிக்கொண்டு ஆடுகிற பெட்டி எதையும் கலக்காது, பிரிக்கத்தான் செய்யும்.