கருவாட்டு வலையில் காய்ந்த புத்தகங்கள்

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் மக்களுக்கும் புத்தகம் அனுப்பிய எல்லாருக்கும் வணக்கம்.

அந்த ராத்திரி மழையில், விற்பனைக்காகத் தரையில் வைத்திருந்த புத்தகப் பெட்டிகள் நனைந்து என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. பழைய புத்தக விற்பனை நல்லபடியாக முடிந்துவிட்டது, படிப்பகத்துக்குக் கூரை போடப் பணம் சேர்ந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டுத்தான் தூங்குவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மொத்தமாகச் சொல்ல வேண்டியவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மதுரையிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் மூட்டை மூட்டையாக அனுப்பியவர்கள், வளைகுடாவில் இருந்துகொண்டு வீட்டு அலமாரியையே காலி செய்யச் சொன்ன கீழக்கரைக்காரர்கள், வாடகை வாங்காத லோடு ஆட்டோ தம்பிகள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் தங்கள் கையிலே காசில்லாதபோதும் பெட்டி தூக்க வந்த விசைப்படகுத் தொழிலாளர்கள், மீன் எடை போடும் தராசைக் கழுவித் துடைத்து இரவல் தந்தவர். அந்தத் தராசில்தான் நாவல்களைக் கிலோ கணக்கில் நிறுத்தோம். "சீலா மீன் விலைக்குப் போகுமா?" என்று ஒருவர் கேட்டுச் சிரிக்க வைத்தார்.

இனி, புத்தகங்களைக் காப்பாற்றிய அந்தக் கருவாட்டு ஆத்தாவைப் பற்றி. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

விடிந்ததும் நனைந்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் சிமெண்டுத் தரையில் வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். கூடையோடு போய்க்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார். "யாருப்பா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது? சுள்ளுனு வெயில்ல போட்டா மேல காஞ்சு உள்ள புழுங்கிப் போகும். காத்துல போடணும்" என்று ஒரு திட்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்தாரோ என்னவோ, கூடையை இறக்கி வைத்தார்.

தடைக்காலம் என்பதால் மீன்வரத்து குறைந்து, அவர் கருவாடு காயப்போடும் வலைகள் சும்மா கிடந்தன. பனைமர நிழலில் கம்பு நட்டு வலையைக் கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கூப்பிடாமலே வந்தார்கள். தடிப் புத்தகங்களை விசிறி மாதிரி விரித்து நிறுத்தினோம். மெல்லிய புத்தகங்களை வாளைக் கருவாடு மாதிரி நடுவில் மடித்துக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். படப் புத்தகங்களைத்தான் அவர் முதலில் கையில் எடுத்தார். அந்த வழவழத் தாள் ஈரத்திலேயே பிரிக்காவிட்டால் காய்ந்தபின் பலகையாகிவிடுமாம். படிக்கத் தெரியாத மனுஷி, ஒரு பக்கம் கிழியாமல் விரல் நுனியால் பிரித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நெத்திலி மாதிரிதான் தம்பி, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டவிட்டா ரெண்டும் போச்சு."

கச்சான் காற்று நன்றாக அடித்தது. இரண்டு நாளும் ராத்திரி எழுந்து வந்து புரட்டிப் போட்டிருக்கிறார், எனக்குத் தெரியாமல். மூன்று அட்லஸ்களும் ஒரு கலைக்களஞ்சியமும் பிழைக்கவில்லை, அவற்றை நான் ஏற்கெனவே வெயிலில் சுட்டுவிட்டிருந்தேன்.

விற்பனையன்று நெத்திலி வாசம் கூடம் முழுக்க. தொண்டியிலிருந்து வந்த ஓர் ஆசிரியை ஒரு புத்தகத்தை முகர்ந்து பார்த்து, "இதுக்குத் தள்ளுபடி உண்டா, இல்லை கூடுதல் விலையா?" என்றார். முழு விலை கொடுத்தே வாங்கிப் போனார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி விலை என்று போட்டிருந்தோம், உண்டியலில் விழுந்த சில்லறையைப் பார்த்தால் பலர் பாதி விலையை நம்பவில்லை போலிருக்கிறது.

ஆத்தாவுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவே இல்லை. "கிழிஞ்ச தாளு கிடந்தா குடு, கருவாடு மடிக்க ஆகும்" என்றார். பிழைக்காத அட்லஸ்களைக் கொடுத்தேன். இப்போது பாம்பனில் யாராவது ஆப்பிரிக்காவில் சுற்றிய கருவாடு வாங்கினால் அது எங்கள் படிப்பகத்துடையது என்று அறிக.

அடுத்த வருஷமும் விற்பனை உண்டு. பெட்டிகளைத் தரையில் வைக்க மாட்டேன், மீன் கிரேட்களை அடுக்கி அதற்கு மேல்தான் வைப்பேன். இது என் சத்தியம், சாட்சிக்கு நீங்கள் எல்லாரும்.

அப்புறம் ஒரு விஷயம். அவர் வலையில் ஓர் இடத்தில் ஒரு முழம் கிழிந்திருக்கிறது, தடித்த அகராதி ஒன்று வைத்த இடம். தடைக்காலம் முடியும் ஜூன் 14 ராத்திரிக்குள் தைத்துக் கொடுக்க வேண்டும். வலை தைக்கத் தெரிந்த தம்பிகள் யாராவது நாளைக்குச் சாயங்காலம் படிப்பகத்துக்கு வாருங்கள், டீ என் செலவு.